ஸனதும் சான்றிதழும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



     

வெளிநாட்டு உயர்கல்வியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகம் நம்மைப் பணித்தது. எந்த நாட்டில் எந்தப் பாடம் சிறப்பு, எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு என்பனவற்றைச் சொல்லக் கல்லூரிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய நாம் அவர்களுடைய பணியில் தலையிடப் போவதில்லை. நாம் பேச எடுத்துக்கொண்டது அதனினும் சிறிய விஷயம். அது காகிதம். பிள்ளை படித்த படிப்பைச் சொல்லும் அந்தக் காகிதத்தை, கடல் கடந்த இடத்தில் ஒருவர் எப்போது ஏற்றுக்கொள்வார், எப்போது திருப்பிக் கொடுப்பார் என்பதே நமது தலைப்பு.

இந்த வட்டாரத்தில் இது யாருக்கும் அந்நியமான விஷயம் அன்று. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், விசுவக்குடி, பெரம்பலூர் நகரம், அந்தப் பக்கம் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவரைச் சொல்லாமல் குடும்ப விவரம் முடிவதில்லை. இங்கே படித்தவர்கள் அங்கே செல்கிறார்கள். அங்கே பிறந்து படித்த பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தவுடன் இங்கே கல்லூரிக்கு வருகிறார்கள். இரண்டு திசையிலும் வாசலில் நிற்பவர் கேட்பது சான்றிதழைத்தான்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த விஷயம் ஒருவகையில் பழக்கமானதே. ஹதீஸ் கலையில் ‘ஸனது’ என்ற சொல் உண்டு. ஒரு செய்தி யார் வாயிலாக யாரிடமிருந்து வந்தது என்ற அறிவிப்பாளர் தொடரே ஸனது. சாய்ந்துகொள்ளும் ஆதாரம் என்பது அச்சொல்லின் பொருள். ஆசிரியர் மாணவருக்கு, ‘இன்ன நூலை என்னிடம் ஓதினார், இதனை இவர் பிறருக்குக் கற்பிக்கலாம்’ என்று எழுதிக் கொடுக்கும் அனுமதிக்கு ‘இஜாஸா’ என்று பெயர். இன்றைய பட்டச் சான்றிதழ் செய்யும் வேலையை அன்று இஜாஸா செய்தது.

மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, 1326-ஆம் ஆண்டு திமிஷ்க் நகரில் பல ஆசிரியர்களிடம் இஜாஸா பெற்றதாகத் தம் பயணக் குறிப்பில் கூறுகிறார். பின்னர் அவர் டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாக நியமிக்கப்பட்டார். மாலத்தீவிலும் காழியாக இருந்தார். நம் தமிழகத்திற்கு வந்து மதுரை சுல்தானையும் சந்தித்தார். மொராக்கோவில் பிறந்தவரின் கல்வியை டில்லியும் மாலத்தீவும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் என்ன? அவர் ஓதிய நூல்களும், ஓதிக் கொடுத்த ஆசிரியர்களின் பெயர்களும் எல்லா ஊர் உலமாக்களும் அறிந்தவையாக இருந்தன. இன்று அப்படிப்பட்ட ஒரே அளவுகோல் உலகில் இல்லை. நாட்டுக்கு நாடு பாடத்திட்டம் வேறு, ஆண்டுக் கணக்கு வேறு, மொழி வேறு. ஆகவே இடையில் பல அலுவலகங்கள் வந்து அமர்ந்துகொண்டன.

ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவிடுகிறோம். சான்றிதழ்களை இணையவழியில் சரிபார்த்து மேலொப்பமிடுவதற்காக இந்திய வெளியுறவு அமைச்சகம் 2017-இல் தொடங்கிய ஏற்பாட்டிற்கு வைத்த பெயர் ‘இ-ஸனத்’. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமாகிய சி.பி.எஸ்.இ.யின் சான்றுகளைக் கொண்டு அது தொடங்கப்பட்டது. நமது பழைய சொல் தில்லி அலுவலகம் வரை சென்று அமர்ந்திருக்கிறது.

இனி விஷயத்தின் கருவுக்கு வருவோம். ஹதீஸை ஆராய்வோர் இரண்டைத் தனித்தனியே பார்ப்பார்கள். தொடர் பழுதற்றதா என்பது ஒன்று. அதன் வழியே வந்த வாசகமாகிய ‘மத்ன்’ எத்தகையது என்பது மற்றொன்று. சான்றிதழிலும் அப்படியே இரண்டு கேள்விகள் உள்ளன. ‘இது மெய்யான சான்றுதானா?’ என்பது முதற் கேள்வி. ‘மெய்யாகவே இருக்கட்டும், இது நம் நாட்டில் எந்தப் படிப்புக்கு ஈடு?’ என்பது இரண்டாம் கேள்வி. முதலாவதை உண்மைத்தன்மை என்பர். இரண்டாவதை இணைத்தன்மை என்பர். அரபு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ‘முஆதலா’ என்று சொல்வதும் இதையே. ஒட்டகத்தின் இரு பக்கமும் சம எடையாகத் தொங்கும் சுமைகளில் ஒன்றை அரபியில் ‘இத்ல்’ என்பார்கள். அந்த வேரிலிருந்து வந்த சொல் முஆதலா.

நம் மக்கள் முதற் கேள்விக்காக அலைகிறார்கள், செலவழிக்கிறார்கள், முத்திரை மேல் முத்திரை பெறுகிறார்கள். அத்தோடு சான்றிதழ் ‘அங்கீகாரம்’ ஆகிவிட்டது என்று நிம்மதி கொள்கிறார்கள். இரண்டாம் கேள்வியோ கட்டணம் கட்டி, விமானம் ஏறி, சில சமயம் படிப்பே முடிந்த பிறகுதான் எழுகிறது. பணமும் பிள்ளையின் ஆண்டுகளும் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதற் கேள்வியைப் பற்றிச் சிறிது விளக்குவோம். 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. ஒரு நாட்டின் பொது ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கு ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே முத்திரைச் சான்று போதும் என்பது அதன் சாரம். இந்தியாவில் இது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலில் மாநில அரசின் துறை சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டச் சான்றுகளுக்குத் தலைமைச் செயலகத்தின் உயர்கல்வித் துறை இதனைச் செய்கிறது. பின்னர் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டும். 2019 தொடக்கத்திலிருந்து இதற்காகத் தில்லி வரை போகவேண்டியதில்லை. சென்னையிலேயே அமைச்சகத்தின் கிளை இப்பணியைச் செய்கிறது. அமைச்சகம் இதற்கென வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்திற்கு 50 ரூபாய்தான். இடையில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்கும்போது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஓமனும் பஹ்ரைனும் இந்த உடன்படிக்கையில் முன்பே சேர்ந்துவிட்டன. ஸவூதி அரேபியாவில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமீரகம், கத்தர், குவைத் ஆகியவற்றுக்கு அமைச்சக முத்திரைக்குப் பின் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் ஸவூதிக்குச் சென்ற மாமா ‘தூதரகத்தில் குத்த வேண்டும்’ என்று சொன்னதை இன்று செல்லும் மருமகன் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. விதி மாறியிருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆனால் இதை நன்றாகக் கவனியுங்கள். அப்போஸ்டில் என்பது, சான்றில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவையே என்று மட்டும் சொல்கிறது. அந்தப் படிப்பு நல்ல படிப்பு என்றோ, இன்ன படிப்புக்கு ஈடு என்றோ அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் சான்றிதழ் நனையாமல், கிழியாமல் இருக்கட்டும் என்று பாசத்தோடு அதை லேமினேஷன் செய்துவிடுகிறீர்கள். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரையும் ஏறாது, ஒட்டுச்சீட்டும் நிற்காது. அதைப் பிரிக்கும்போது சான்றிதழே கிழிந்து போவதுண்டு. உறையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள், போதும்.

சில நாடுகள் மாணவர் தம் கையால் கொண்டுவந்து தரும் சான்றையே ஏற்பதில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மதிப்பீடு செய்து தரும் நிறுவனங்கள், மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே மூடி முத்திரையிட்ட உறையிலோ இணையவழியிலோ தங்களுக்கு நேராக வர வேண்டும் என்கின்றன. ஜெர்மனி செல்லும் இந்திய மாணவர்கள், புதுதில்லியில் உள்ள ஏ.பி.எஸ். என்னும் அலுவலகத்தில் தங்கள் கல்விச் சான்றுகளைச் சோதிக்கக் கொடுத்துச் சான்று பெற்ற பின்பே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் நடைமுறை. நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் படித்து மேற்படிப்புக்கு அங்கே செல்ல எண்ணுவோர், இதற்கான கால அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் தமக்காகத் தாமே சாட்சி சொல்வது ஃபிக்ஹிலும் செல்லாது. ஆகவே இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

அடுத்து பெயர். முதற் கேள்வியில் நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுவே. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘முஹம்மது’ என்ற திருநாமத்தை ஆங்கில எழுத்தில் நம் ஊரில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பிறப்புச் சான்றில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், பத்தாம் வகுப்புச் சான்றில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் வேறுவிதம். நமக்கு நான்கும் ஒரே பெயர்தான். கணினிக்கு அவை நான்கு ஆட்கள். அப்துல் காதரை ஓரிடத்தில் சேர்த்தும் ஓரிடத்தில் பிரித்தும் எழுதுகிறோம். அத்தாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடுவது நம் தமிழ் வழக்கம். பாஸ்போர்ட்டிலோ அந்த முதலெழுத்தை விரித்து எழுதுகிறார்கள், அல்லது குடும்பப் பெயர் என்னும் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் வருகை விசாவில் வர இயலாது என்று அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் பதறின என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். சான்றிதழில் அத்தாவின் முதலெழுத்து. நிகாஹுக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க மேலும் ஒரு காகிதம், அதற்கும் ஒரு முத்திரை.

பெயரைத் திருத்த எளிதான காலம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறார்களே, அந்தக் காலம். தலைமையாசிரியரின் மேசையிலேயே அப்போது வேலை முடிந்துவிடும். தேர்வு முடிந்து சான்றிதழ் அச்சாகிவிட்டால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை செல்ல வேண்டும். பிற்காலத்தில் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதும் ஒரு வழிதான். ஆனால் பழைய சான்றிதழில் உள்ள எழுத்து அதனால் தானாக மாறிவிடாது. அரசிதழை வாழ்நாள் முழுவதும் உடன் சுமந்து செல்ல வேண்டும்.

நம் இரு மாவட்டத்தாருக்கு மட்டுமே உரிய ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1995 வரை நாம் அனைவரும் திருச்சிராப்பள்ளி மாவட்டம். அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் இறுதியில் மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஆக, 2004-இல் அரியலூரில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெரம்பலூர் மாவட்டம் என்றும், பின்னர் எடுத்த ஆவணங்களில் அரியலூர் மாவட்டம் என்றும் இருக்கும். பிள்ளை ஊர் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது. ஆனால் வெளிநாட்டு அதிகாரிக்கு இந்த வரலாறு எப்படித் தெரியும்? மாவட்டப் பிரிவினை அரசாணையின் நகலொன்றைக் கோப்பில் வைத்துக்கொள்வது நலம்.

இனி இரண்டாம் கேள்வியாகிய இணைத்தன்மை.

முதலில், அங்கிருந்து இங்கே வரும் பிள்ளைகள். வளைகுடா நாடுகளில் நம்மவர் பிள்ளைகள் பலரும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பள்ளி துபாயில் இருந்தாலும் ரியாதில் இருந்தாலும் அது இந்திய வாரியத்தின் சான்றே. வெளிநாட்டுப் படிப்பு என்று சொல்லி அதற்கு இணைத்தன்மை தேட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கும், அந்தந்த நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கும்தான் இது தேவை. மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வு பதினோராம் ஆண்டின் முடிவில் வருவது. அதை வைத்துக்கொண்டு இங்கே பிளஸ் டூவுக்கு நிகராகக் கல்லூரியில் இடம் கேட்க இயலாது. அதற்கு மேல் உள்ள எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு ஒப்பான படிப்பு வேண்டும்.

1925-இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்தான் நெடுங்காலம் இந்த இணைத்தன்மைச் சான்றை வழங்கி வந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. வெளிநாட்டுப் பட்டங்களோடு பள்ளிச் சான்றுகளுக்கும் அது பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு நிறைவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை ஆகியவை இதில் அடங்கா. அவற்றுக்கு அந்தந்தத் துறைக்குரிய மன்றங்களின் விதியே விதி. பெயரளவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பாடம் நடத்துவதோ வாடகைப் பெயர் வாங்கிய வேறொரு நிறுவனம் என்ற வகையில் பெறும் பட்டத்தை அந்த விதிமுறை ஏற்பதில்லை. அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் ‘லண்டன் பட்டம்’ பெறலாம் என்ற விளம்பரங்களைப் பார்க்கும் இளைஞர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அங்கே படித்த பிள்ளைகளுக்கு மற்றொரு இழப்பும் நேர்கிறது. 2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் அப்பட்டியலில் உள்ளனர். ஆனால் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த பிள்ளை, தான் இம்மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பிறப்பிடச் சான்றாலும் சாதிச் சான்றாலும் காட்ட வேண்டும். கலந்தாய்வு அறிவித்த பின் வட்டாட்சியர் அலுவலகத்தின் வாசலில் நின்றால் எப்படிக் கிடைக்கும்? விடுமுறையில் ஊருக்கு வரும் ஏதாவது ஒரு கோடையிலேயே இவற்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

இங்கிருந்து அங்கே செல்வோருக்கு இதே கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது. நமது மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைச் சேர்க்கைக்குப் போதாது என்கின்றன. பள்ளி பன்னிரண்டு, கல்லூரி நான்கு, ஆகப் பதினாறு ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படிப்பவர்கள் இதைச் சேரும்போதே அறிந்துகொண்டால் இங்கே ஒரு முதுகலை முடித்துவிட்டுச் செல்லலாம். அல்லது மூன்றாண்டை ஏற்கும் பல்கலைக்கழகத்தைத் தேடலாம்.

மருத்துவம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் வட்டாரத்தில் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்புவது இந்தப் படிப்புக்குத்தான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. 2021 நவம்பர் 18-ஆம் நாள் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி வேண்டும். படித்த நாட்டில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு நிகராக மருத்துவத் தொழில் செய்யும் தகுதியை அப்பட்டம் அளிக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். அதன் பிறகு இந்தியா வந்து, 2002 முதல் நடந்துவரும் தகுதித் தேர்வில் தேறி, இங்கும் பயிற்சி முடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையில் இருப்பது மெய்யான பட்டம்தான், அப்போஸ்டில் ஒட்டிய பட்டம்தான். இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய மட்டும் இயலாது. அழகிய படங்கள் கொண்ட கையேட்டைக் காட்டும் முகவரிடம் இந்த ஐந்து விஷயங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் ஸலாம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். அது மதரஸா ஸனது.

ஏழாண்டுகள் ஓதி, நஹ்வு, ஸர்ஃபு, ஃபிக்ஹு, தஃப்ஸீர், ஹதீஸ் என்று கற்றுத் தேர்ந்து ஸனது வாங்கும் மாணவர், அறிவில் எந்தப் பட்டதாரிக்கும் குறைந்தவர் அல்லர். இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த ஸனதை மட்டும் கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றால், ‘பன்னிரண்டாம் வகுப்புச் சான்று எங்கே?’ என்ற கேள்விதான் வருகிறது. இருபத்திரண்டு வயதில், ஸஹீஹுல் புகாரியை ஓதி முடித்த ஓர் இளைஞர் அந்தக் கேள்வியின் முன் தலைகுனிந்து நிற்பதைக் காண்பது நமக்கு வேதனையளிக்கிறது. இது அவருடைய குறையன்று. அவர் சிறுவராக இருந்தபோது பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22-ஆம் பிரிவின்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தின் 2004-ஆம் ஆண்டு மதரஸாக் கல்வி வாரியச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது நமக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதே தீர்ப்பில், அவ்வாரியம் பட்டப்படிப்பு நிலையில் வழங்கி வந்த காமில், ஃபாழில் ஆகியவை மட்டும் மேற்சொன்ன சட்டத்தோடு முரண்படுவதால் செல்லாது என்றும் கூறப்பட்டது. அரசு வாரியம் உள்ள மாநிலத்திலேயே நிலை இது. அப்படி ஒரு வாரியமே இல்லாத தமிழகத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கதவுகள் அடைபட்டுக் கிடக்கின்றன என்று எண்ண வேண்டாம். முந்தைய தலைமுறை உலமாக்கள் பலர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘அஃப்ஸலுல் உலமா’ தேர்வை எழுதித் தேறி, பள்ளிகளில் அரபி ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013-இல் மதரஸா மாணவர்களுக்கென்றே இணைப்புப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்று அவர்கள் பொதுக் கல்விக்குள் நுழைய அது வழி செய்தது. 1961-இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் உலகெங்குமுள்ள மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கல்வி தருகிறது. ஆனால் அங்கும் மேல்நிலைப் பள்ளிச் சான்றோ, அதற்கு முஆதலா பெற்ற மதரஸாவின் சான்றோ வேண்டும். இளங்கலைக்கு வயதும் 25-க்கு மிகக் கூடாது. அரபி நன்கு அறிந்த நம் ஆலிம், அரபி நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கே செல்ல முடியாமல் போவது அரபியால் அன்று, பிளஸ் டூவால்.

ஆகவே நம் தெளிவான கருத்து இதுதான்: ஹிஃப்ழோ ஆலிம் படிப்போ ஓதும் ஒவ்வொரு மாணவரும் உடன் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எழுத வேண்டும். தமிழ்நாடு அரசுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக எழுதலாம். பள்ளி வகுப்பறைக்கு நாள்தோறும் செல்ல வேண்டியதில்லை. பாடங்களை ஒன்றிரண்டாகப் பிரித்தும் தேர்ச்சி பெறலாம். ‘இரண்டு தோணியில் கால் வைத்தால் ஓதுதல் கெடும்’ என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுவதை நாம் மதிக்கிறோம். அந்த அச்சத்தில் உண்மையும் உண்டு. தேர்வுக் காலத்தில் பாடம் தவறத்தான் செய்யும். ஆனால் ஏழாண்டில் நான்கைந்து மாதம் அதற்கென ஒதுக்கினால் போகும் பாடத்தைத் திரும்ப ஓதிக்கொள்ளலாம். போன வயதைத் திரும்பப் பெற முடியாது. தமிழகத்தில் இவ்வாறு இரண்டையும் சேர்த்து நடத்தும் மதரஸாக்கள் பல இப்போது இருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று ஓதியவர்களுக்குத் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது, எழுதுபவர் நேர்மையாக எழுதுவது, சாட்சிகளை வைப்பது பற்றியது அது. எழுத்தையும் சாட்சியையும் இவ்வளவு வலியுறுத்தும் வேதத்தை உடைய சமுதாயம், காகிதத்தை அலட்சியமாகக் கையாள்வதற்கு நியாயம் இல்லை.

இதில் நம் ஜமாஅத்தின் பங்கும் இருக்கிறது. நமது நிகாஹ் பதிவேடு வெறும் பள்ளிவாசல் குறிப்பேடு அன்று. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி திருமணங்களை அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். அப்பதிவுக்கு நம் பதிவேட்டின் நகலைத்தான் கொண்டு செல்கிறார்கள். நாம் எழுதும் எழுத்து அங்கே ஏறுகிறது, அங்கிருந்து பாஸ்போர்ட்டில் ஏறுகிறது, பின்னர் பிறக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றில் ஏறுகிறது. ஒரு பிள்ளையின் ஸனதில் முதல் அறிவிப்பாளர் நாம் என்றே சொல்லலாம். எனவே இனி மணமகன், மணமகள் இருவரின் பெயரையும் பத்தாம் வகுப்புச் சான்றைப் பார்த்தே, ஆங்கில எழுத்துகளோடு பதிவது என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டோம். நிர்வாகம் இசைந்திருக்கிறது. நிகாஹ் நாள் குறிக்க வரும்போதே நகலைக் கொண்டு வாருங்கள். கல்யாண மேடையில் வைத்து எழுத்தைத் தேட வேண்டாம்.

இவ்வாண்டு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பெயர்ப்பட்டியல் பள்ளியிலிருந்து செல்வதற்கு முன் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, ஆகியவற்றை ஒன்றாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு உதவ, ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் பள்ளிவாசல் நூலக அறையில் நம் ஜமாஅத்தின் கல்லூரி மாணவர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் பிள்ளையைக் கூட அனுப்பினாலும் போதும். மூலச் சான்றுகளைக் கொண்டு வர வேண்டாம், நகல் போதுமானது.